கதவு இருந்த இடத்தில் ஒரு கல்

உன் சும்மாட்டை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். நீலச் சேலையைக் கிழித்து, விறகுச் சுமைக்கு அடியில் தலையில் வைக்கச் சுருட்டிய அதே துணி. ஏழு வருஷம் கழிந்தும் தேங்காயெண்ணெயும் காட்டுக்கொடிப் பாலும் கலந்த உன் தலைமணம் அதில் இருக்கிறது. காலையில் ஒருவன் என் வாசலுக்கு வந்துவிட்டுப் போனான். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத எனக்கா கடிதம் என்று சிரிக்காதே, மனசுக்குள்தான் எழுதுகிறேன்.

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். நாம் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறுவோம். "காஞ்சது நமக்கு, பச்சை அதுக்கு" என்பாய். அது என்றால் மலை. ஒருநாள் நேராக நீண்டிருந்த ஒரு பச்சைக் கிளையில் நான் அரிவாளைப் போட, நீ பிடுங்கிக்கொண்டாய்.

"ஏட்டி, உசுரோட நிக்கத வெட்டுனா சுமை கனக்கும்லா."

"பச்சை வெறகு கனக்கத்தான் செய்யும். இதுல என்ன அதிசயம்?" என்று நான் கேலி செய்தேன். வீடு வந்து சேரும்வரை நீ அந்த அரிவாளைத் திருப்பித் தரவில்லை.

பிறகு நாம் விறகு பொறுக்கும் அந்தச் சரிவை மரம் வெட்டக் குத்தகைக்கு எடுத்தான் முதலாளி. நேரில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். இந்தக் கடிதத்தில் அவனுக்கு மரியாதை கிடையாது. நாம் ஒரு பச்சைக் கிளையைக்கூடத் தொடாத மலையில் அவன் ஆட்கள் கோங்கையும் மருதையும் அடியோடு சாய்த்தார்கள். லாரி வருவதற்காக நம் ஒற்றையடிப் பாதையை அகலமாக்கினான். இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதை குறுகும் இடத்தில் மரக்கதவு போட்டுப் பூட்டி, விறகுக்காரிகள் மரம் திருடுகிறார்கள் என்றான். யார் யாரைத் திருடன் என்பது! அன்றுமுதல் நாம் வழுக்குப்பாறை வழியாகச் சுற்றித்தான் ஏறி இறங்கினோம்.

உனக்கு எட்டாம் மாதம். சாரல் விடாமல் அடித்தது. பாறையில் இறங்கப் பயந்து, சுமையோடு அந்தக் கதவுக்கு வந்து நின்றாய். நான் உன் பின்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, ரெண்டு உசுரா நிக்கேன். இன்னைக்கு ஒரு நடை கதவத் தொறங்க."

கதவுக்கு அந்தப்புறம் குடையும் நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தவன் வெற்றிலையைத் துப்பினான். "ஒனக்குத் தொறந்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். சுத்திப் போ."

நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை. சுமையையாவது போடு என்றேன். "அடுப்பு என்னத்தத் திங்கும்?" என்று திரும்பி நடந்தாய். பாதிப் பாறையில் உன் கால் நழுவியது. எனக்குக் கையெட்டும் தூரம்தான். என் கை என் சுமையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

துக்கத்துக்கு அவன் வரவில்லை. "மலைன்னா வழுக்கத்தான் செய்யும்" என்று சொன்னானாம். அவன் குடியில் மண் விழவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கம். இரண்டு கல் தூண், மேலே ஒரு கல் பலகை. இறக்காமல் கொண்டுபோன சுமை அவளுக்குக் கனக்காதிருக்க, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கி இளைப்பாறட்டும் என்று நடுவது. உன் புருஷன் குளத்தங்கரையில் நடலாம் என்றார்.

"அவள எங்கன மறிச்சாங்களோ அங்கனதான் நடணும்" என்றேன் நான்.

அழுதுகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆடி அமாவாசையன்று முதலாளியின் ஆட்களுக்கு லீவு. பட்டப்பகலில் மாட்டுவண்டியில் கல்லேற்றிப் போய், பூட்டிய கதவுக்கு நேர் முன்னால், தடத்தின் நட்டநடுவில் ஊன்றினோம்.

மறுநாள் மரமேற்ற வந்த லாரி கல்லைக் கண்டு நின்றது. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"தள்ளுங்கலே அத!" என்று கத்தினான் முதலாளி.

"மொதலாளி, இது புள்ளத்தாச்சி கல்லு. எம் பொண்டாட்டியும் மாசமாத்தான் இருக்கா. நான் தொடமாட்டேன்."

லாரி பின்னாலேயே இறங்கிப் போனது. தென்காசியிலும் பாவூர்சத்திரத்திலும் ஆள் தேடினான். கல்லின் கதை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் தானே கடப்பாரையோடு வந்தான். அவன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். வெகுநேரம் நின்றவன், கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். உண்ணிச்செடி மறைவில் நின்று நான் பார்த்தேன். அந்த ஒரு நாள் எனக்கு வயிறு குளிர்ந்தது.

குத்தகைக் காலம் முடிந்தது. சாய்த்த மரங்கள் மேலே கிடந்து மழையில் ஊறிச் செல்லரித்தன. கதவையும் செல் தின்றது. நம் பெண்கள் மறுபடி அந்த வழியாக வருகிறார்கள், உன் கல்லில் சுமை இறக்குகிறார்கள். ஆனால் சரிவு மொட்டையாகத்தான் கிடக்கிறது. அவனுக்கு நஷ்டம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். செல்லரித்ததும் நீ தொடவிடாத பச்சை என்பதில்தான் மனசு ஆறவில்லை.

இன்று காலை வந்தவன் அவன்தான். கையில் கம்பு, தலையில் துண்டு. அடுத்த சரிவைக் குத்தகைக்கு எடுக்கிறானாம், அதற்கும் லாரி போக இதே பாதைதான். உன் புருஷனிடம் போயிருக்கிறான். அவர் என்னைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எம்மா, பழசெல்லாம் மறந்துரு. நீ சரின்னு சொன்னா, பூசை போட்டு அந்தக் கல்ல ஓரமா நவுத்திக்கிடுதேன்."

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சாரலில் நிற்கவிட்டேன்.

"ஒங்களுக்கு நவுத்துனா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். சுத்திப் போங்க அண்ணாச்சி."

அவன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. தான் சொன்ன சொல் அவனுக்கே மறந்துபோயிருந்தது. ஏழு வருஷமாக அந்தச் சொல்லை நான் பத்திரமாக வைத்திருந்தேன், அவன் அதை வெறும் பதிலாகக் கேட்டுவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

நாளைக்கு உன் சும்மாட்டை வைத்துக்கொண்டு மலையேறப் போகிறேன். திரும்பும்போது வழக்கம்போல உன் கல்லில் விறகை இறக்குவேன். மனசில் கிடக்கிற மற்றதை இறக்கமாட்டேன்.