ஏழு அங்குலம் நீட்டிய வண்டி

உன் ஹெல்மெட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே பஞ்சு கறுத்து, ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய், வியர்வை, கொஞ்சம் பெட்ரோல். எட்டு வருடமாகியும் போகவில்லை.

பிரிசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது தனக்குப் பத்தாது, கடையில் தன்னோடு வேலை செய்கிறவர்கள் வேறு ஹெல்மெட் தருகிறார்கள் என்றாள். பத்தாதுதான். நம் மகளுக்கு இப்போது இருபது வயது. நீ போனபோது உன் காதளவு நின்றவள், இப்போது லயத்து வீட்டு வாசலில் தலையைக் குனிந்து நுழைகிறாள். அந்த உயரம் என் பக்கம். அதற்கும் என்னைத்தான் குறை சொல்வாய்.

நாளை காலை எம்பிலிப்பிட்டியவில் புத்தாண்டு விழா வண்டியோட்டம். உன் வண்டியை அவள் ஓட்டப் போகிறாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ததாகிவிடும். வண்டியை வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினேன், எவ்வளவு இழுத்தடித்து வெட்டினேன் என்பதையெல்லாம் நீ கேட்டே ஆக வேண்டும்.

முதலில் அந்த வண்டியை நான் எனக்காகத்தான் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்துப்போட்ட தண்ணீர் பம்பு எஞ்சினைத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் கெஞ்சி வாங்கி, பழைய குழாய்களை ஒட்டி, நாலு சின்னச் சில்லு பூட்டி, பச்சைப் பெயின்ட் அடித்தேன். ஸ்டோர் ஃபிட்டர் என்ற திமிர் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மூடிக்கிடந்த றப்பர் ஸ்டோர் முற்றத்தில் எல்லோரும் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். என்னைச் சுமந்துகொண்டு அது முற்றத்து மேட்டைக்கூட ஏறவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய்.

"நீங்க எறங்குங்க. நான் ஒக்காந்து பாக்குறேன்."

நாலடி ஒன்பது அங்குலம் நீ. கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கொழுந்துச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். வண்டி மேட்டை ஏறிப் போயே விட்டது. நிறுத்தத் தெரியாமல் மூன்று சுற்றுச் சுற்றினாய். அதற்குப் பிறகு எவனும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே வண்டியை உன் அளவுக்குக் குறுக்கினேன். உன்னைச் சிமெந்துத் தரையில் காலை நீட்டி உட்கார வைத்து, சோக்கட்டியால் சுற்றிவரக் கோடு போட்டேன். சட்டை தைக்கவா போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நீ கூச்சத்தில் நெளிந்தாய். செருப்புப் போட்டால் பிரேக் தெரியாது என்று வெறுங்காலோடுதான் ஓட்டினாய். மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறுகிற அதே கால். உன் குதிகால் ஊன்றும் இடத்தில் தகட்டுப் பெயின்ட் தேய்ந்து, வெள்ளையாக இரண்டு வட்டங்கள் விழுந்தன.

நாலு வருடம் போட்டியில் ஓட்டினாய். ஒரு தடவை இரண்டாவதாக வந்தாய். மற்றத் தடவைகளில் எஞ்சின் நின்றது, செயின் கழன்றது, இல்லையென்றால் நீ யாரோடோ மல்லுக்கு நின்றாய். இரண்டாவதாக வந்த அன்று கடைசி வளைவில் வண்டியின் உள்பக்கச் சில்லு தரையை விட்டு எழும்பியது. நான் கைதட்டினேன். நம்புவாயா, பயமே வரவில்லை. இப்போது அதை நினைத்தால், எப்படி அப்படிக் கைதட்டிக்கொண்டு நின்றேன் என்று விளங்கவில்லை. மறுநாள் காலை பெரட்டில் மற்றவர்களோடு அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றாய். தோள்பட்டை வீங்கியிருந்ததை நான் சாயங்காலம்தான் பார்த்தேன்.

வலியைச் சொல்லாத அந்தப் பழக்கத்தை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். மழைக்குப் பிறகு சேறடைத்த தண்ணீர்க் கானைத் துப்பரவு செய்யும் வேலைக்குப் போனாய். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. "ஒன்னுமில்லங்க, சும்மா காய்ச்சல்" என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். நாலாம் நாள் கெண்டைக்கால் வலியில் நிற்க முடியாமல் நீ சுவரைப் பிடித்தபோதுதான் த்ரீவீலரைக் கூப்பிட ஓடினேன். எலிக்காய்ச்சல், பிந்திக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் நம்பிக்கை நிற்பதில்லை. ஒரு நட்டை முறுக்கினால் மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பிரிசி இருமினால் நான் சாப்பாட்டை வைத்துவிடுகிறேன். கஹவத்தையிலிருந்து அவள் வரும் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் ரோட்டு முனைக்குப் போய்விடுகிறேன். அவளோடு வேலை செய்யும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான், இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வந்து, ஓட்டத்துக்குப் பேரைக் கொடுத்துவிட்டேன் என்றாள். உதிரிப்பாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த எண்ணம் இருந்திருக்கிறது. முடியவே முடியாது என்றேன். அம்மா ஓட்டினாங்கதானே என்றாள். வண்டி உனக்குப் பத்தாது என்றேன். அப்ப நீட்டுங்க என்றாள். அந்த வாய் உன் பக்கம்.

உட்கார வைத்துப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை முட்டிக்கொண்டு நின்றன. திருப்பினால் கை காலில் இடித்தது. அளந்தேன். ஏழு அங்குலம் வேண்டும்.

பெடலை முன்னுக்குத் தள்ளுவதுதான் முறை. இரும்பு வேலை தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான். அதற்கு முன்பக்கக் குழாயை வெட்டி, கால் ஊன்றும் தகட்டைக் கழற்ற வேண்டும். கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தேன். அந்த இரண்டு வெள்ளை வட்டங்கள். குதிகாலின் வளைவுகூடத் தெரிந்தது. கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன். சீட் போனால் எஞ்சினுக்கு இடமில்லை, அதையும் பின் அச்சுக்கு அப்பால் தள்ளினேன். செயினில் மேலும் கண்ணிகளைக் கோத்தேன். முன்பக்கத்தை வெட்டினால் வண்டி பலவீனமாகிவிடும், அதனால்தான் இப்படி என்று பிரிசியிடம் சொன்னேன். பச்சைப் பொய். நீ போன பிறகு அவளிடம் நான் வேறு பொய் சொன்னதில்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, அதே றப்பர் ஸ்டோர் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு சுற்று நன்றாகத்தான் போனாள். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் வேகம் கூட்டினாள். கடைசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். முன் சில்லுகள் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய், கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. ஓடிப் போனபோது ஒரு காலில் செருப்பு இல்லை.

சட்டையெல்லாம் தேயிலை இலையோடு எழுந்து நின்று சிரித்தாள். "ஒன்னுமில்லப்பா" என்றாள்.

நீ சொன்ன அதே சொல். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் விடவில்லை. த்ரீவீலர் பிடித்துக் கஹவத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கெண்டைக்காலைப் பாருங்கள், காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள், இரத்தம் சோதியுங்கள் என்று டொக்டரை நச்சரித்தேன். வண்டியிலிருந்து விழுந்த பிள்ளைக்கு எதற்கு இரத்தச் சோதனை என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரிசி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் சுனில் பாஸ் வந்தார். கராஜ் வைத்திருக்கிறவர், உன்னைத் தங்கச்சியாக நினைத்து எப்போதும் நங்கி என்று கூப்பிடுவாரே, அவர்தான். வண்டியின் மூக்கை ஒரே கையால் பிடித்துத் தூக்கினார். சட்டென்று எழும்பியது. "இஸ்ஸரஹட்ட பர மதி மச்சான்" என்றார். முன்னுக்குப் பாரம் போதாது. சில்லு திரும்பினாலும் தரையைப் பிடிக்காது. முப்பது வருடம் இரும்போடு கிடப்பவனுக்கு இது தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. பெடல் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.

பிரிசி வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்பா, அம்மா கால் வச்ச எடத்த வெட்ட மனசு வராமத்தான என்னையப் பின்னுக்குத் தள்ளுனீங்க?"

நான் விழாத நட்டைத் தரையில் தேடினேன்.

"நான் கோவப்படல. ஆனா அந்த வளைவுல போறது நான்ப்பா."

இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளைச் சீட்டோடு பின்னுக்குத் தள்ளியபோது நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. உன் தடத்தைக் காப்பாற்ற உன் பிள்ளையைக் கொண்டுபோய்க் கானில் தள்ளப் பார்த்திருக்கிறேன். உன்னைக் கவனிக்காமல் விட்டேன் என்று எட்டு வருடமாகப் புலம்பிக்கொண்டு, அவள் விஷயத்திலும் அதையே செய்திருக்கிறேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம், என் மேலேயே.

நங்கி இருந்திருந்தால் முதலில் அதைத்தான் வெட்டச் சொல்லியிருப்பாள் என்று சுனில் பாஸ் பிறகு ஆறுதலாகச் சொன்னார். அவருக்கு உன்னை என்னளவுக்குத் தெரியாது. நீ அப்படிச் சொல்லக்கூடிய ஆளா? என் வண்டியில கை வைக்காதீங்க என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். ஆனால் அவள் தேயிலைச் செடிக்குள்ளிருந்து எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால், கிரைண்டரை என் கையிலிருந்து பிடுங்கி நீயே வெட்டியிருப்பாய். அதுவும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வெட்டினேன். பச்சைப் பெயின்ட் கருகிய புகையில் கண் எரிந்தது. புகைதான் காரணம் என்று வைத்துக்கொள். தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினேன். அதை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. எஞ்சினையும் சீட்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். குழாயை உள்ளே ஒரு துண்டு வைத்து நீட்டி, சுற்றிவர ஒட்டினேன். முழங்காலுக்கு இடம் விட ஸ்டியரிங்கை இரண்டு விரல் உயர்த்தினேன். பிரேக் கம்பியை மட்டும் நீட்டவில்லை. ஒட்டுப் போட்ட பிரேக்கை நம்பி என் பிள்ளையை அனுப்ப மாட்டேன். முழு நீளத்துக்குப் புதுக் கம்பி வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கழன்றால் கோடு விலகும், கண்ணுக்குத் தெரியும்.

நேற்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். முதல் சுற்றில் அந்த வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மாறாமல் என்னைத் தாண்டிப் போனது. இரண்டாம் சுற்றில் கண்ணைத் திறந்து பார்த்தேன். சில்லு தரையைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் போவதுபோல் திரும்பினாள். பத்துச் சுற்று ஓட்டினாள். இறங்கியதும் எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டேன். கேட்கும்போதே, ஒன்னுமில்ல என்பாளோ என்று பயந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வலது தோள் இழுக்கிறது, ஆறாவது சுற்றுக்குப் பிறகு விரல் மரத்தது என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட அப்பன் இந்தத் தோட்டத்தில் இருக்க மாட்டான். சீட்டின் வலது பக்கம் ஸ்பொஞ்சு வைத்துக் கொடுத்தேன்.

விடியும் முன்பே சுனில் பாஸின் லொறி வரும். இப்போது மாலை ஐந்து மணி. இதுவரை நாலு தரம் எழுந்துபோய் அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் விலகவில்லை. பயம் போகவில்லை, போகாது. உனக்காகப் பட்டிருக்க வேண்டிய பயத்தையும் சேர்த்து அவளுக்காகப் படுகிறேன். நாளைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் அந்த வளைவில் நிற்பேன். ஆனால் போக வேண்டாம் என்று அவளிடம் சொல்ல மாட்டேன்.

வண்டி இப்போது அவள் அளவு. இனி நீயே வந்து உட்கார்ந்தாலும் உன் கால் பெடலுக்கு எட்டாது. தெரிந்துதான் வெட்டினேன்.