காலஞ்சென்ற என்ற சொல்

பியோர்ண்டால், ஒஸ்லோ
10.10.2004

அன்புத் தம்பி செபஸ்ரியனுக்கு,

இங்கே மூவரும் சுகம். குளிர் இந்த முறை முந்திக்கொண்டு வந்துவிட்டது. உன் கடிதந்தான் பிந்தியது. அம்மாவின் இளைப்பு எப்படி இருக்கிறது?

நீ எழுதியதைப் புளோறன்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். பந்தடிக்கிற அணி ஊரைவிட்டுப் போவதற்கு முப்பத்தைந்து வயது மனிதன் அழுவானா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடம் அந்த மைதானத்தின் கதிரைகளைக் கழுவியவன் நீ. உங்கள் மொன்றியல் எக்ஸ்போஸ், அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் பெரிய பேஸ்போல் அணி. எல்லாரையும் முந்தி நின்ற 94இல் வேலைநிறுத்தம் வந்து கோப்பையே இல்லாமற்போனது. கடைசியில் சொந்த மண் ஆட்டங்கள் சிலவற்றையும் புவேர்ட்டோ ரிக்கோவில் போய் ஆடினார்கள். வாசிக்க எங்கள் சனத்தின் கதை போலத்தான் இருந்தது. அம்மாவுக்குத்தான் பெரிய நட்டம். உன் அண்ணன் எலியாஸ் பள்ளிக்கூடத்து எல்லே ஆட்டத்தில் தடியால் பந்தடித்ததை நினைத்துத்தானே அவ அந்த ஆட்டத்தைப் பார்ப்பது.

ஆனாலும் மனதை விடாதே. ஊரும் பெயரும் மாறினால் என்ன, ஆடுகிற பெடியன்கள் அவர்கள்தானே. பெயர் ஒரு சட்டை. பதினெட்டு வருடமாக உன் அண்ணனின் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். ஆள் நான்தான்.

உறையில் எலியாஸ், உள்ளே உன்
வின்சென்ற்


மொன்றியல்
24.04.2005

அன்புள்ள வின்சென்ற் அண்ணாவுக்கு,

அம்மாவை அடக்கம் செய்து நாலு நாளாகிறது. நீங்கள் வராததில் எனக்குக் குறையில்லை. இங்கே இருக்கிற எங்கள் பேசாலை ஊர்ச் சனம் அவ்வளவும் நின்றது. உங்களைக் கண்டிருந்தால் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

போவதற்கு மூன்று நாள் முன்னர் அம்மா தொலைக்காட்சியில் வாசிங்டன் ஆட்டம் பார்த்தா. "இவங்கள் எங்கடை பெடியள்தானே? ஏன் வேறை உடுப்பு?" என்று கேட்டா. எக்ஸ்போஸ் இப்போது நஷனல்ஸ் என்று சொன்னேன்.

"அப்ப பழையது செத்துப்போச்சோ?"

"இல்லையம்மா. அறுபத்தொன்பதிலை இருந்து அடிச்ச ஓட்டமெல்லாம் இவங்கடை புத்தகத்திலை ஏறியிருக்கு. செத்தது எண்டு எங்கையும் எழுதேல்லை."

திரையைப் பார்த்தபடியே, "எழுதினாத்தானே தம்பி அழலாம்" என்றா.

அண்ணா, 86இல் எலியாஸ் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடுத்த கிழமை நோர்வேக்குப் போக அவனுடைய பாஸ்போர்ட் தயாராக இருந்தது. ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று அம்மாதான் அதை, அவனுடைய கூட்டாளி, தாய் தகப்பன் இல்லாத உங்கள் கையில் தந்தா. அவன் வெளிநாடு போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னோம். துக்க மணி அடிக்கவில்லை, பூசை வைக்கவில்லை, அம்மா வாய்விட்டு அழவும் இல்லை.

தன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில் "காலஞ்சென்ற எலியாஸ்" என்று போடச் சொல்லி வாக்கு வாங்கினா. பேர் சொல்லி ஒரு பூசையும் வைக்க வேண்டும். ஒரேயொரு சொல்தான். சம்மதம் எழுதுங்கள். போனில் கேட்டால் நீங்கள் அழுவீர்கள், நான் விட்டுவிடுவேன்.

செபஸ்ரியன்


பியோர்ண்டால், ஒஸ்லோ
02.05.2005

அன்புத் தம்பிக்கு,

அந்தச் சொல்லைப் போடாதே.

மேல்வீட்டு மங்களேஸ்வரி அக்காவின் தங்கை மொன்றியலில் இருக்கிறா. அங்கே அச்சாகும் மலரெல்லாம் இங்கே வந்துவிடும். தாயை இழந்த மகன் என்று போன கிழமைதான் அக்கா என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனவ. எலியாஸ் காலஞ்சென்றவர் என்றால் கீழ்வீட்டில் இருப்பது யார் என்று கேட்கமாட்டாவா?

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். முப்பத்தோராம் நாள் மே பதினேழில் வருகிறது. அது இந்த நாட்டின் தேசிய தினம். மகள் மேரின் பள்ளி வாத்தியக் குழுவோடு கிளாரினெட் வாசித்துக்கொண்டு நடக்கப்போகிறாள். அவளுடைய தொப்பிக்குள் "மேரின் எலியாஸ்" என்று புளோறன்ஸ் நூலால் தைத்திருக்கிறாள். உண்மை வெளியில் வந்தால் என் குடியுரிமை போகும். பிள்ளையுடையதும் போகலாம் என்கிறார்கள். பதின்மூன்று வயதில் அவளை எந்த ஊருக்குக் கூட்டிப்போவேன்?

பெயர் சட்டைதான் என்று எழுதியவன் நானே. கழற்றிப் பார்த்தேன், தம்பி. தோலோடு வருகிறது.

அம்மா உயிரோடு கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். அப்போதும் மறுத்திருப்பேன். நன்றி கெட்டவன் என்று திட்டு, தாங்கிக்கொள்வேன்.

வின்சென்ற்


மொன்றியல்
19.05.2005

அன்புள்ள எலியாஸ் அண்ணாவுக்கு,

நினைவு மலர் இத்துடன் வருகிறது. பயப்படாமல் பிரியுங்கள். "எலியாஸ் (நோர்வே), செபஸ்ரியன் (கனடா) ஆகியோரின் பாசமிகு தாயார்" என்றுதான் போட்டிருக்கிறது. மேல்வீட்டு அக்கா தாராளமாக வாசிக்கட்டும். மேரினுக்கு ஒன்றும் வராது.

கோயில் வாசலில் ஒருவர் மலரைக் காட்டிக் கேட்டார்: "பெத்த தாயின்ரை செத்தவீட்டுக்கும் வரேல்லை, முப்பத்தொண்டுக்கும் வரேல்லை. என்ன பிள்ளையப்பா அவன்?"

"அவன் அப்பிடித்தான்" என்றேன்.

அம்மா சாப்பிட்டாவா என்று கேட்காமல் ஒரு நாளும் சோற்றுக் கோப்பையில் கை வைக்காதவன் என் அண்ணன். அவனைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதற் கெட்ட சொல் அது. சொல்லும்போது கூசியது.

பூசை பற்றிய வாக்கு மிச்சம் இருந்தது. எலியாஸ் உயிரோடு இருப்பதாக அச்சில் போட்டாயிற்று. அவனுடைய ஆத்துமாவுக்கு எப்படிப் பூசை கேட்பது? பங்குச் சுவாமி பேனையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டார். வின்சென்ற் என்று எழுதச் சொன்னேன். எண்பத்தாறில் பேசாலைக் கடலில் போனவன், பூசை வைக்க ஆளில்லாதவன் என்றேன். அவன் எங்கே போனான் என்று இத்தனை வருடமாக விசாரித்துக்கொண்டிருந்த சனத்துக்கும் பதில் கிடைத்தது. சுவாமி பெயரைச் சத்தமாக வாசித்தார். எல்லாரும் முழந்தாளில் இருந்து செபித்தார்கள்.

அவன் எனக்கு நல்ல அண்ணனாக இருந்தவன். நான் வாய்விட்டு அழுதேன். இனி அவனுடைய கையெழுத்தில் எனக்குக் கடிதம் வரவேண்டாம்.

தம்பி
செபஸ்ரியன்