பிரிக்காத ஊதா கார்

என் செல்லச் சண்டைக்காரா, தம்பி குமரா,

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை முடிந்துவிட்டது. நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். கேட்டால் கோபப்படுவாய். பட்டுக்கொள். கோபப்படவாவது ஒரு தடவை வாயேன்.

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் சந்தன வாசனை. உள்ளங்கைக்குள் அடங்கும் உன் உலோகக் கார்கள் எல்லாம் ஹாலில் வரிசையாக நிற்கின்றன. நீ ஒருநாளும் பிரிக்காத கவரும் இல்லை, அட்டையும் இல்லை. அம்மா அத்தனையையும் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, ஊதுபத்திக் குச்சியால் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். எலுமிச்சம்பழம் காரைவிடப் பெரிதாக இருக்கிறதாம். அதனால் சக்கரத்துக்கு முன்னால் சுண்டைக்காய்!

இன்ஜின் வெளியே துருத்திக்கொண்டு, பின்சக்கரம் மட்டும் பெருத்த உன் ஹாட் ராட் கார்கள். பக்கவாட்டில் நெருப்பு வரைந்த மஞ்சள் கார். கூரையை வெட்டித் தாழ்த்திய அந்தப் பச்சை. கொரியரில் வந்த அட்டையின் மூலை கொஞ்சம் மடங்கியிருந்தாலே அன்றைக்கு உனக்குச் சோறு இறங்காது. கவரைப் பிரித்தால் கலெக்‌ஷனே போச்சு என்பாய். பூஜைக்குக்கூடக் கவர் மேல்தானே பொட்டு வைக்க விடுவாய்?

நான் கத்திவிட்டேன். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? உசுரா வச்சிருந்தாம்மா அவன்!"

அம்மா நிமிரக்கூட இல்லை. "மூச்சு முட்டும்டா, பிரிச்சு வைடான்னு வருசா வருசம் சொன்னேன். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னான். வண்டின்னா ஒரு தபாவாவது தரையில ஓட வேணாமா?"

அப்புறம். நம் வீட்டை அழித்தது இந்த ஒரு சொல்தான் என்று தோன்றுகிறது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் போகட்டும், அப்புறம் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி, காய்ச்சலோடு நீ வேலை பார்த்த லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லாம் கைமீறிவிட்டது. நான் போனில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதோடு சரி. நேரில் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாமே?

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி என்னை எவ்வளவு நச்சரித்திருப்பாய்! பசங்க பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நானும் தள்ளிக்கொண்டே போனேன். எனக்காகத்தான் அந்த ஊதா காரைத் தனி ஆணியில் மாட்டினாய். "நீ லைசென்ஸ் வாங்குற அன்னிக்கு இதை மட்டும் பிரிக்கலாம்க்கா. ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு" என்றாய்.

வரிசையில் அதைத் தேடினேன். காணவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சுவரைக் காட்டினாள். அதே ஆணியில், கவரோடு. "அத நான் தொடலடி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிரிக்கணும்னு சொல்லியிருந்தானே" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கத்தியதற்காக அவள் காலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் அம்மா அந்த மஞ்சள் காரை ஒரு விரலால் தள்ளினாள். சுண்டைக்காயில் முட்டி, ஏறி, தாண்டி, ஹாலைக் கடந்து உன் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. என்ன அழகாக ஓடுகிறது தெரியுமாடா? உனக்குத் தெரியாமலே போய்விட்டதே.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி குதித்து நின்றுவிடுகிறது. சொல்லித் தருபவர் பல்லைக் கடிக்கிறார். நீயாக இருந்தால் சிரித்திருப்பாய், அல்லது திட்டியிருப்பாய்.

ஆனாலும் விடமாட்டேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே, அப்புறம் என்று சொல்லாமல், அந்த ஊதா காரை ஆணியிலிருந்து இறக்குவேன். என் பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். உன் பக்கத்தை அம்மா பிடிப்பாள். அட்டை மூலை மடங்கினால் மட்டும் கோபித்துக்கொள்ளாதே.

கிளட்சில் கால் நடுங்கும்
உன் அக்கா