குதிரை கட்டிய கோயில்

மக்கா,

இன்று காலை மெஸ் வாசலை எட்டியதுமே மீன் குழம்பு வாசம் முகத்தில் அடித்தது. உன் முப்பதாம் நாள் ஜெபத்தை இந்த வாடைக்கு நடுவிலா வைப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிய விமானத்தில் நான் ஏறவில்லை. பிளான்ட் ஷட்டவுன், எல்லாவற்றையும் நிறுத்திப் பழுதுபார்க்கும் நேரம், யாருக்கும் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். ஊர்க் கோயிலில் உனக்காக மணியடித்தபோது நான் இங்கே வளைகுடாவில், ருவைஸ் பிளான்ட்டில் வால்வு முடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஜெபமாவது ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று கிடந்து தவித்தேன். கோயிலுக்குப் போய்வரப் பஸ் கேட்டால் மாஃபி, இல்லவே இல்லை என்றுவிட்டார்கள். கேம்ப் பாஸ் மனமிரங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மெஸ்ஸைக் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுத்தார்.

அந்தக் கோபத்தோடு நின்றபோதுதான் இத்தாலி ஞாபகம் வந்தது. கம்ப்ரஸர் பயிற்சிக்கு நம் இருவரையும் அனுப்பினார்களே, அந்த ஊரில் பிரான்சிஸ் அசிசியாரின் துறவிகள் கட்டிய பழைய கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றதும் நாம் என்ன செய்தோம்? ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிப் போட்டோம். ஐயோ, அந்தக் குளிர்! டிக்கெட் கொடுத்த அம்மாள் நம் ஷூக்களையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே பீடமே இல்லை. வரிசையாக நாற்காலிகள், ஒரு மேடை, மேடைமேல் பியானோ.

கூட்டிப்போன இன்ஜினியர் கதையைச் சொன்னார். ஏழை ஜனங்கள் திரளாக நின்று பிரசங்கம் கேட்கத்தான் அவ்வளவு அகலமாகக் கட்டினார்களாம். பல நூறு வருஷம் கழித்து ஒரு படை வந்து துறவிகளைத் துரத்திவிட்டு, உள்ளே குதிரைகளைக் கட்டியது. அப்புறம் தானியக் கிடங்கு. இப்போது கச்சேரி மண்டபம். சுவரில் மிஞ்சிய ஓவியத்தில் அசிசியாரின் முகம் அழிந்திருந்தது, பறவைகள் மட்டும் இருந்தன.

"கோயில்ல போய்க் குதிரையக் கெட்டியிருக்கானுவளே, வெளங்குவானுவளா!" என்று நான் குதித்தேன்.

நீ சிரித்தாய். "எதுக்குலே கெடந்து சாடுத? குதிரையும் மழைக்கு ஒதுங்கியிருக்கும். அசிசியாரு அதுக்கெல்லாம் வருத்தப்பட மாட்டாரு." பியானோ இருந்த மேடைக்குக் கீழே முழங்காலில் நின்றாய். "நாம செருப்பக் கழத்தியாச்சுல்லா. பொறவு என்ன, இது கோயிலுதான்."

இதை நினைத்ததும் மெஸ் வாசலில் குனிந்து சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். சமையல்கார பாய் என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்து, "கியா ஹுவா?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அச்சா" என்று அடுப்பை அணைத்தார். தன் செருப்பை என் ஷூவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றார். ஸ்டோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி நெற்றியில் திருநீறோடு தயங்கி நின்றான்.

"அண்ணை, நானும் வரலாமோ?"

"வாப்பா, அவன் உனக்கும் கூட்டாளிதானே."

பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வாசலைப் பார்த்தார்கள், கழற்றினார்கள். இறந்தவர்களுக்குச் சொல்லும் இளைப்பாற்றி மன்றாட்டில் என் குரல் உடைந்துபோனது. தெரியாத வார்த்தைகளுக்கு எல்லோரும் ஆமென் சொல்லி முடித்துவைத்தார்கள். அழுதேன் மக்கா, நன்றாக அழுதேன்.

அப்புறம் மேசைகளை இழுத்துப்போட்டு அங்கேயே சாப்பிட்டோம். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, நீ இருந்திருந்தால் இன்னொரு கரண்டி கேட்டிருப்பாய். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழுந்துபோய் ஷூவை மாட்டவில்லை.