நாலாவது ரீல்

மாப்பிள்ளை,

டப்பாவைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறிற்று. நீர் எடுத்த படத்தின் நாலாவது ரீல். ஃபிலிம் கெட ஆரம்பித்தால் இந்த வாடைதான் வரும். பழைய படங்களைச் சேகரிக்கிறவர் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். "சார், இது தேறாது. மத்த ரீலைக் குடுங்க. சங்கு குளிக்கிறதும் துறைமுகமும் போதும்" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எத்தனை வருஷம் போனாலும் எல்லாரும் இந்த ரீலைத்தான் ஒதுக்கப் பார்க்கிறார்கள்.

எழுபதுகளில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கிய நேரம். என் தங்கச்சியைக் கட்டிய விளாத்திகுளத்துக் கரிசல்காட்டு ஆள் நீர், கேமராவைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு வந்தீர். முதல் நாளே கூத்து. சங்கெடுக்கக் கடலில் மூழ்கும் அந்தோணியை மேலே இழுக்கிற கயிற்றை அவன் சொந்தத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "குதிப்பா" என்றீர். அந்தோணி வள்ளத்தின் பலகையை விட்டு எழும்பவே இல்லை.

"கயிறு பிடிக்கது மச்சான்தான் அண்ணாச்சி. பொண்டாட்டிகூடப் பொறந்தவன். அவன் விடமாட்டான், தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுல்லா."

"சரி, உம்ம மச்சான் எங்க?"

"ஹார்பர்ல வேலை கெடச்சுப் போயிட்டான்."

நீர் கேமராவை மூடிவிட்டுக் கரையில் உட்கார்ந்து கதையையே மாற்றி எழுதினீர். கயிறு பிடிக்க வேண்டிய மச்சான் துறைமுகத்துக்குப் போகிறான். பிடிக்க ஆளில்லாமல் புருஷன் வீட்டில் கிடக்கிறான். பெண்டாட்டி உப்பளத்துக்குக் கிளம்புகிறாள். மூணு பேர் கதையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கொண்டது. கடல் தெரியாமல் நீர் செய்த தப்பில் விளைந்த படம் அது. சொன்னால் உமக்கு ரோஷம் வரும், வரட்டும்.

உப்பளக் கதையில் நடித்தது நிஜ உப்பளத்துப் பெண்கள். மூக்கம்மா காலை நீட்டிக்கொண்டு, "மூஞ்சிய என்னத்துக்குப் பிடிக்கிய? இதைப் பிடிங்க, ஊரு பாக்கட்டும்" என்றாள். உப்புத்தண்ணி அரித்து வெடித்துப்போன பாதம். திரையில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர். அந்தப் பாதங்கள்தான் இந்த நாலாவது ரீல்.

படம் நம்ம ஊருக்கு வந்தபோது தியேட்டரில் நான்தான் ஆபரேட்டர். முதலாளிக்கு உப்பளமும் இருந்தது. "நாலாவதை விட்டுட்டு அஞ்சாவதை ஓட்டுலே" என்றார். கீழே முன்வரிசையில் உப்பளத்துப் பெண்கள், தலைசீவிப் பூ வைத்து, பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நீர் மேலே ஏறி வந்தீர். ரீலை எடுத்து என் கையில் தந்தீர். நான் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.

பத்து நிமிஷம் முதலாளி கதவை இடித்தார். திரை நிறைய அந்தக் கால்கள் வந்தபோது, "ஏளா, அது என் காலுல்லா" என்று மூக்கம்மாவின் குரல் கேட்டது. மறுநாள் எனக்கு வேலை போயிற்று. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, நீர் கண்மூடும்வரை உம்மிடம் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பட்டணத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன், "எடுத்தா எல்லா ரீலையும் எடுங்க தம்பி. இல்லைன்னா போயிட்டு வாங்க" என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். "அவரு திரும்பி வரலைன்னா?" என்றாள் தங்கச்சி. "வரலைன்னா போகட்டும்" என்றேன்.

ரீலை மெல்லப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் கறை. நடுவில் பாதங்கள் இன்னும் தெரிகின்றன, வெடிப்பு உள்பட. நீர் ஆழத்துக்குப் போய்விட்டீர். கயிறு என் கையில் இருக்கிறது. நான் மச்சான்லா மாப்பிள்ளை, விடமாட்டேன்.