மூன்றாம் ஓலை

அக்கா,

இன்று காலைப் பூசையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாண ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார்கள். மத்தியானம் அவள் கன்னத்தில் பூச, பர்மியப் பெண்கள் சந்தனம்போல் பூசும் தனாக்காக் கட்டையைக் கல்லில் இழைத்தேன். அந்த வாசனை ஏறியதுமே நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு இழைத்துப் பூசியது உங்கள் கைதானே!

ஊரிலிருந்து கப்பலேறி வந்து, லான்மடாத் தெருவில் நாம் மாடியும் கீழுமாகக் குடியிருந்த காலம். கோவிலிலிருந்து திரும்பும் வழியில் நீங்கள்தான் இந்த ஓலையின் கதையைச் சொன்னீர்கள். முன்னொரு காலத்தில் சீமையில் ஆண்கள் ரகசியமாகக் கைப்பிடித்துவிட்டு, பிறகு வேறொருத்தியைத் தேடிப் போனார்களாம். திருச்சபையைச் சீர்திருத்தக் கூடிய திரெந்து சங்கம்தான், மூன்று முறை ஊரறியப் பெயர் வாசிக்க வேண்டும், தடை தெரிந்தவர்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று கண்டிப்பாக விதித்ததாம். “தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது சாவான பாவம், பிள்ள” என்பீர்கள். நான் பேசாமல் நடந்தால், “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சீண்டுவீர்கள்.

என் ஓலையை வாசித்த மூன்று ஞாயிறும் என் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தீர்கள். மாப்பிள்ளை உங்கள் ஊர்க்காரர். “நல்லவருதானா அக்கா?” என்று கேட்டதற்கு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “உழைப்பாளி” என்றீர்கள். அதையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டேன், மடச்சி.

அடுத்த மழைக்காலத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு கப்பலிறங்கி நம் வாசலுக்கே வந்தாள். என்னை அவள் பார்க்கவேயில்லை. உங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அக்கா, எங்க கல்யாணத்துல எனக்குத் தோழியா நின்னீங்களே! அவரு எங்க இருக்காரு, சொல்லுங்க!”

அதோடு என் கல்யாணம் கல்யாணமே இல்லை என்றாயிற்று. அவர் அவளோடு ஊருக்குப் போனார். “அவள விட்டுட்டான்னு நெனச்சேன், பிள்ள. நீ நல்லா இருக்கணும்னுதான்...” என்று இழுத்தீர்கள். அவனை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். அவன் யாரோ. நீங்கள் யாரோ இல்லையே, அக்கா! ஊருக்குத்தான் உபதேசமா? அந்த மூன்று ஞாயிறும் உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா?

போன மாதம் உங்களை அடக்கம் செய்தார்கள். நான் வரவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், இன்று காலை உங்கள் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கச் சொல்லிக் கேட்டேன். நம் கதை தெரிந்த வெள்ளைக்காரச் சாமியார் தம் புத்தகத் தமிழில், “அவளை மன்னித்தாயோ, அம்மா?” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது நீங்கள் கற்றுக்கொடுத்தது.