ஒரு பக்கெட் தண்ணி

ஞாயித்துக்கெழம, ராத்திரி

ஆமா, பக்கெட்டோட தான் போனேன். ஆளுங்கள கடல் சுத்திக் காட்டவும் மீன் புடிக்கவும் இட்டுகினு போக பழைய மோட்டார் போட்டு ஒண்ணு வாங்கணும். எதுன்னு நீயே சொல்லுன்னு பணம் போடுற மேரி அக்கா எங்கிட்ட வுட்டுடுச்சு. காலேஜ பாதில வுட்டவன நம்பி யாரு இந்த பொறுப்ப குடுப்பா?

காசிமேட்டுல ரெண்டு போட்டு பாத்தோம். மொதல்ல பாத்ததுல ஏசி, வெள்ள சோபா. அக்கா உக்காந்துச்சு, எழுந்துக்கவே இல்ல. "இதையே முட்ச்சிடுடா." நான் கடல் தண்ணிய மொண்டு தளத்துல ஊத்தினேன். தண்ணி வெளிய போவல, கொளமா நின்னுச்சு. புரோக்கர் கழட்டி வுட்ட செருப்பு அதுல மெதந்துச்சு.

"இன்னா தம்பி, கலீஜ் பண்ணிகினு கீற?"

"அலை உள்ள ஏறுனா உன் சோபாவும் இப்டி தான் மெதக்கும் நைனா."

ரெண்டாவது போட்டுல பெயிண்ட் உரிஞ்சி கீது. ஆனா ஊத்துன தண்ணி ரெண்டு பக்கமும் தண்ணி வடியன்னே வெச்ச ஓட்ட வழியா சர்ருன்னு கடலுக்கே பூட்ச்சி. அக்கா பக்கெட்ட புடுங்கி தானும் ஒருவாட்டி ஊத்திச்சு. "இதான்டா நம்ம போட்டு."

இஞ்சின் சத்தம் தான் கொஞ்சம்... சரி, பாத்துக்கலாம்.

சந்தோஷத்துல தூக்கம் வரல. போட்டுக்கு பேரு வெக்கணும்னு அக்கா கூப்புடுது. வுட்டா தன் பேரயே எழுதிடும். நான் போணும்.